கரண்ட் போனால் எங்கே ஆரம்பிப்பது: வடசென்னை வீடுகளுக்கு அறிகுறி வாரியாக

கரண்ட் போனதும் நம்மில் பாதிப் பேர் மெயின் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்போம். மீதிப் பேர் போனைத் தூக்கி ஈபிக்குப் போடுவோம். இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஜன்னலையோ மாடிக் கதவையோ திறந்து, இருட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டோடு நிற்கும் இருட்டுக்கும், தெருவோடு நிற்பதற்கும், கண்ணுக்கெட்டிய தூரம் பரவியதற்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. இந்த ஒன்றைப் பார்க்காமல் ஆரம்பித்தால் அடுத்துச் செய்வதெல்லாம் குருட்டாம்போக்குதான்.

பார்க்கும்போது இரண்டு விஷயங்கள் ஏமாற்றும். ராயபுரம், காசிமேடு மாடிகளிலிருந்து தெரியும் துறைமுக விளக்குகளும், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகளும் ஊரே அணைந்தாலும் எரியலாம். பெரிய இடங்களுக்குச் சொந்த ஏற்பாடு உண்டு. அவற்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். அப்புறம், இன்வெர்ட்டர் வீடுகள். எதிர்வீட்டில் ட்யூப்லைட் எரிவதைப் பார்த்து "நமக்கு மட்டும்தான் போச்சு" என்று பதறுவதைவிட, "அக்கா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று ஒரு குரல் கொடுப்பது மேல். "இன்வெர்ட்டர்ல ஓடுதுப்பா" என்று பதில் வந்தால் அந்த வீட்டையும் இருட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கரண்ட் எப்படிப் போனது என்பதையும் மனதில் வையுங்கள். சத்தமில்லாமல் சட்டென்று போனதா, 'டம்' என்ற சத்தத்தோடு போனதா, வந்து வந்து போனதா, மங்கி மங்கிப் போனதா? புகார் எடுப்பவரும் லைன்மேனும் இதைத்தான் கேட்பார்கள்.

அறிகுறி: எங்கள் வீட்டில் மட்டும் இல்லை

முதலில் மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் எண்கள் தெரிந்தால் கரண்ட் வாசல் வரை வந்திருக்கிறது, பழுது வீட்டுக்குள். மீட்டரே செத்துக் கிடந்தால் பழுது வெளியே; சீல் வைத்த பகுதியைத் தொடாமல் ஈபிக்குச் சொல்லிவிடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஏழெட்டு மீட்டர்கள் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக இருக்கும். பார்ப்பது நம் மீட்டர்தானா என்று எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் பேசுங்கள். கூடவே, கட்ட வேண்டிய பில்லைக் கட்டினோமா என்றும் ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

மீட்டர் உயிரோடு இருந்தால், சுவிட்சுகள் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து, கீழே விழுந்திருக்கும் சுவிட்சைத் தேடுங்கள். விழுந்தது ஒரு லைனுக்கு மட்டுமான சின்ன சுவிட்ச் (எம்சிபி) என்றால் அந்த லைனில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு தடவை மட்டும் தூக்கிப் பாருங்கள். உடனே மறுபடி விழுந்தால் அது ஷார்ட். எலெக்ட்ரீஷியன் வரும்வரை விட்டுவிடுங்கள். விழுந்தது 'டி' பட்டன் வைத்த பெரியது என்றால் கரண்ட் எங்கோ கசிகிறது. எல்லா எம்சிபியையும் இறக்கி, பெரியதைத் தூக்கி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, பழுது அங்கேதான். நம் பக்கம் கடற்காற்றும் ஓதம் ஏறிய சுவரும் சேர்ந்து ஸ்விட்ச் பாக்ஸை உள்ளேயே துருப்பிடிக்க வைக்கின்றன. மழை பெய்த மறுநாள் காலையில் இப்படி விழுந்தால் ஈரமான மோட்டார் அல்லது வெளிச்சுவர் பாயிண்ட் மேல்தான் முதல் சந்தேகம்.

பழைய கம்பி பியூஸ் (கட்டவுட்) வைத்த வீடுகளில் அறுந்த கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிச் சுற்றினால் அடுத்த தடவை அறுவது பியூஸ் இல்லை. சுவருக்குள் ஓடும் ஒயர்தான் எரியும்.

அறிகுறி: பாதி வீட்டில் இருக்கிறது, அல்லது தெருவில் சில வீடுகளில் மட்டும் இல்லை

இதுதான் 'ஒரு பேஸ் போச்சு'. தெருவுக்கு வருவது மூன்று பேஸ், அதாவது கரண்ட் வரும் மூன்று தனிக் கம்பிகள். சிங்கிள் பேஸ் வீடுகளை மூன்றிலும் பிரித்துப் போட்டிருப்பார்கள். தெருவோரம் நிற்கும் ஈபி பெட்டியான பில்லர் பாக்ஸில் ஒரு பேஸின் பியூஸ் போனால் அந்தப் பேஸில் இருக்கும் வீடுகள் மட்டும் இருட்டாகும். மூன்று பேஸ் எடுத்த வீடுகளில் ஹாலில் இருக்கும், படுக்கையறையில் இருக்காது.

மூன்று பேஸ் வீட்டில் பேஸ் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் திருப்பிக்கொள்ளலாம். திருப்பியதும் லைட், ஃபேனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லா வீடும் இருக்கிற ஒரே பேஸில் ஏசியையும் தூக்கிப் போட்டால் அடுத்த கால் மணியில் அந்தப் பேஸும் போய்விடும். மே மாத இரவுகளில் நம் தெருக்களில் இது நடக்காத வாரம் குறைவு.

அபார்ட்மெண்டில் மூன்று பேஸ் மோட்டார் இருந்தால் அதன் ஸ்டார்ட்டரை உடனே அணைக்கச் சொல்லுங்கள். ஒரு பேஸ் இல்லாமல் ஓட விட்டால் மோட்டார் 'ம்ம்' என்று முனகும், சுற்றாது, சூடாகும், காயில் கருகிவிடும். ரீவைண்டிங் செலவு எல்லோர் தலையிலும் விழும்.

அறிகுறி: ஒரு பல்பு பளீரென்று எரிகிறது, இன்னொன்று மங்குகிறது

இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். இந்தப் பட்டியலிலேயே அதிகப் பொருட்களைக் கொல்வது இதுதான், ஆனால் கரண்ட் 'இருப்பதால்' பலர் கண்டுகொள்வதில்லை.

நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது ஒரு பேஸுக்கும், கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கும் நடுவே உள்ள அளவு. இரண்டு பேஸுக்கு நடுவே அது ஏறக்குறைய 400 வோல்ட். தெருவில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றின் வழியாக ஒன்று கரண்டை இழுக்க ஆரம்பிக்கும். லோடு அதிகமாக இருக்கும் பக்கம் வோல்டேஜ் இறங்கும், லோடு குறைவான பக்கம் ஏறும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிவி மட்டும் பார்க்கிற சிக்கனமான வீட்டில்தான் வோல்டேஜ் 300-ஐத் தாண்டிப் போகும். பாவம், அவர்கள் டிவிதான் முதலில் புகையும்.

அடையாளங்கள் இவை. ஃபேன் வழக்கத்துக்கு மேல் வேகமாகச் சுற்றும். எல்இடி பல்பு வெள்ளையாகக் கண்ணைக் கூசும், அல்லது 'டப்' என்று அணையும். பக்கத்து வீட்டில் அதே நேரம் ட்யூப்லைட் கண்ணடிக்கும். ஸ்டெபிலைசர் 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மெயினை அணையுங்கள். பிளக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்க நேரமில்லை. அணைத்த கையோடு பக்கத்து வீடுகளுக்கும் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். ஈபிக்குப் போன் செய்யும்போது "லோ வோல்டேஜ்" என்று பொதுவாகச் சொல்லாமல் "நியூட்ரல் கட் மாதிரி இருக்கு, ஒரு வீட்ல ஏறுது, ஒரு வீட்ல இறங்குது" என்று சொன்னால் அவசரம் அவர்களுக்கும் புரியும்.

நியூட்ரல் உங்கள் வீட்டுக்குள்ளேயே அறுந்திருந்தால் கதை வேறு. எதுவும் எரியாது, ஆனால் ஏதாவது ஒரு ஸ்விட்ச் போட்டிருக்கும் நிலையில் டெஸ்டரை வைத்தால் பிளக் பாயிண்டின் இரண்டு ஓட்டையிலும் மினுங்கும். "டெஸ்டர் எரியுதே, கரண்ட் இருக்கே" என்று கையை வைத்துவிடாதீர்கள். அந்த இரண்டுமே அடிக்கும்.

அறிகுறி: தெரு முழுக்க இருட்டு, அடுத்த தெருவில் இருக்கிறது

பழுது பில்லர் பாக்ஸிலோ, டிரான்ஸ்ஃபார்மரிலோ, நடுவே ஓடும் கேபிளிலோ இருக்கும். சென்னையின் உள்பகுதியில் பெரும்பாலும் தரைக்கடியில் ஓடும் கேபிள்தான். காற்றுக்கு அறுந்து விழாது என்பது அதன் நல்ல குணம். பழுதானால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது என்பது கெட்ட குணம். கேபிள் பழுது என்று சொல்லிவிட்டால் இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, ஜாயிண்ட் போட வேண்டும். அரை மணியில் வரும் என்று காத்திருக்காதீர்கள். இரவுக்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள். மழைநீர்க் கால்வாய்க்கோ குழாய்க்கோ தெருவில் ஜேசிபி வேலை நடக்கிறதென்றால், பள்ளம் தோண்டிய இடத்தை லைன்மேனிடம் காட்டிவிடுங்கள். பாதித் தேடல் மிச்சம்.

காலை 9 மணிக்குப் போனது என்றால் பதறும் முன் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பாருங்கள். வழக்கமாகப் பிற்பகல் 2 மணி வரை என்று முன்கூட்டியே நாளிதழில் போடுவார்கள்.

கோடையில் இரவு 10 மணிக்கு மேல் போய்ப் போய் வந்தால் அது பெரும்பாலும் ஓவர்லோடு. பகலில் கடைகளும் பட்டறைகளும் இழுத்த டிரான்ஸ்ஃபார்மரை இரவில் வீட்டு ஏசிகள் இழுக்கின்றன. கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரும் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அவ்வளவையும் மாநிலம் கொடுத்துவிட்டாலும், உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு அதன் அளவு மட்டும்தான் தாங்கும். 'மின்வெட்டே இல்லை' என்ற அறிக்கையும் உங்கள் வீட்டு இருட்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

எண்ணூர், திருவொற்றியூர்க் கரையோரம் இன்னொரு வகை உண்டு. மாதக்கணக்கில் மழை இல்லாமல் இருந்து, முதல் தூறல் விழுந்ததும் கரண்ட் போகும். "நாலு தூறலுக்கே பிடுங்கிட்டாங்க" என்று திட்டுவோம். கம்பத்து இன்சுலேட்டர்களின் மேல் கடல் உப்பும் சாம்பலும் தூசியும் படிந்திருக்கும். காய்ந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. தூறலோ பனியோ அதை நனைத்ததும் அந்தப் படலம் கரண்டைக் கடத்தும், பொறி பறக்கும், லைன் ட்ரிப் ஆகி நின்றுவிடும். பலத்த மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் கனமழையைவிடத் தூறலுக்கு ட்ரிப் ஆவதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பொறி பறந்த கம்பம் எது என்று பார்த்திருந்தால் அதன் எண்ணையோ பக்கத்துக் கடையின் பெயரையோ சொல்லிப் புகார் கொடுங்கள்.

புகாருக்கு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். இருட்டில் பழைய பில்லைத் தேடுவதைவிட இன்றைக்கே போனில் சேமித்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருப்பார் என்று தெருவே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரவுகள் உண்டு. நீங்களும் போடுங்கள்.

அறிகுறி: மாடியிலிருந்து பார்த்தால் ஊரே இருட்டு

2024 செப்டம்பர் 12 இரவு, 10 மணி வாக்கில், சென்னையின் பெரும்பகுதி இப்படி ஆனது. பழுது நம் பக்கத்து மணலி துணை மின்நிலையத்தில். நள்ளிரவை ஒட்டிப் படிப்படியாகத் திரும்பியது.

அன்றைக்கு மாடி மாடியாகக் கேட்ட கேள்வி: "அத்திப்பட்டுல ஓடுது, வல்லூர்ல ஓடுது, பேசின் பிரிட்ஜ்ல ஓடுது, நமக்கே இல்லையா?" கேள்வி நியாயமானது. அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களும் சேர்ந்து 1,830 மெகாவாட், வல்லூர் 1,500. சாம்பல் நமக்கு, கரண்ட் யாருக்கோ என்று வடசென்னைக்காரர்கள் சொல்வதில் கசப்பு இருக்கிறது. ஆனால் அங்கே உற்பத்தியாவது நேராக நம் வீட்டுக்கு வருவதில்லை. உயரழுத்தத்தில் பெரிய துணை மின்நிலையங்களுக்குப் போய், அங்கே இறங்கி, பிறகு 11 கிலோவோல்ட்டாகத் தெருமுனைக்கு வருகிறது. நடுவில் பெரிய கண்ணி ஒன்று அறுந்தால், உலைக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தாலும் இருட்டுதான்.

மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கிரிட்டே மொத்தமாக விழுந்தால் இன்னும் சிக்கல். நிலக்கரி நிலையம் தன் பம்பு, ஃபேன், அரவை இயந்திரங்களை ஓட்டவே கரண்ட் வேண்டும். வெளியிலிருந்து கொஞ்சம் வராமல் அதால் எழுந்திருக்க முடியாது. நீர்மின் நிலையமும், பேசின் பிரிட்ஜில் இருக்கும் 120 மெகாவாட் நிலையம் போன்ற டர்பைன்களும் சீக்கிரம் கிளம்பும் வகை. 2012 ஜூலை இறுதியில் வட இந்தியாவே இருண்டபோது நாம் தப்பித்ததற்குக் காரணம், தென்னக கிரிட் அப்போது மற்றதோடு ஒரே ஓட்டத்தில் இணைக்கப்படவில்லை என்பதுதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக இணைந்துவிட்டது. அதனால் கஷ்ட காலத்தில் வடக்கிலிருந்தும் வாங்கலாம், வடக்கில் பெரிதாக விழுந்தால் அதன் அதிர்ச்சியும் நம்மை எட்டலாம்.

இந்த அறிகுறிக்குச் செய்ய வேண்டியவை எளியவை. புகார் எண்ணை விட்டுவிடுங்கள். ஊரே போட்டுக்கொண்டிருக்கும், உங்கள் அழைப்பால் எதுவும் முன்னால் நகராது. கரண்ட் பகுதி பகுதியாகத்தான் வரும். மருத்துவமனை, குடிநீர் நிலையம் இருக்கும் லைன்களுக்கு முதலில் கொடுப்பார்கள். பெரம்பூருக்கு வந்து வியாசர்பாடிக்கு வரவில்லை என்றால் ஓரவஞ்சனை என்று பாய வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் மறுபடி விழுந்துவிடும். ரேடியோ இருந்தால் போடுங்கள். வாட்சாப்பில் "மூணு நாளைக்கு வராதாம்" என்று ஒன்று கட்டாயம் வரும். அனுப்பியவரிடம் யார் சொன்னது என்று கேளுங்கள், அதோடு அடங்கிவிடும்.

அறிகுறி: தெருவில் தண்ணீர் நிற்கிறது, கரண்ட் இல்லை

இதைப் பழுதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவர்களே நிறுத்தியிருப்பார்கள், நிறுத்தியது நல்லதற்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலிப் பக்கங்களில் தண்ணீர் வடியும்வரை கரண்ட் கொடுக்க முடியவில்லை. சில இடங்களில் நாட்கணக்கில் ஆனது. 2016 டிசம்பர் 12 வர்தா வேறு மாதிரி: அப்போது தண்ணீரைவிடக் காற்று, மரமும் கம்பமும் சாய்ந்து கிடந்தன. வர்தா மாதிரி என்றால் அறுந்த கம்பியைத் தேடிக் கண்ணை வையுங்கள். மிக்ஜாம் மாதிரி என்றால் காலை எங்கே வைக்கிறோம் என்று பாருங்கள்.

தண்ணீர் நிற்கும்போது பில்லர் பாக்ஸ், தெருவிளக்குக் கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் வேலி எதற்கும் பக்கத்தில் போகக்கூடாது. கரண்ட் இல்லையே என்ற தைரியம் வேண்டாம். அவர்கள் எந்த நிமிடமும் போட்டுப் பார்ப்பார்கள். யாராவது அடிபட்டுத் தண்ணீரில் விழுந்துவிட்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்தால் இருவராகப் போவோம். லைனை நிறுத்தச் சொல்லி ஈபிக்கும், கூடவே 108-க்கும் போட வேண்டும். பில்லர் பாக்ஸ் கதவு திறந்து கிடந்தாலோ கம்பி அறுந்து கிடந்தாலோ தெருவின் இரண்டு முனையிலும் நாற்காலி, கட்டை எதையாவது போட்டு வழியை மறித்துவிட்டுச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீருக்கு மாநகராட்சியின் 1913.

வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் போலிருந்தால், நுழையும் முன்பே மெயினை இறக்குங்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடுவதைவிடத் தொடாமல் வெளியேறுவது நல்லது. இன்வெர்ட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து வீட்டு ஒயர்களுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், மெயினை அணைத்த பிறகும். அதையும் அணைத்து, முடிந்தால் பேட்டரியோடு உயரத்தில் ஏற்றுங்கள். தண்ணீர் வடிந்து கரண்ட் வந்தாலும், நனைந்த பிளக் பாயிண்ட்களைத் திறந்து காயவைத்து எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்த லைனின் எம்சிபி கீழேயே இருக்கட்டும். நனைந்த பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் 'ஓடுதா பார்ப்போம்' என்று போட்டுப் பார்த்துத்தான் பலர் கெடுத்தார்கள்; காயவைத்திருந்தால் அவற்றில் பல பிழைத்திருக்கும்.

அறிகுறி: இன்வெர்ட்டர் கத்துகிறது, சீக்கிரம் நின்றுவிடுகிறது

கத்திக்கொண்டே உடனே நின்றால் ஓவர்லோடு. பிரிட்ஜோ மிக்ஸியோ அந்த லைனில் இருக்கிறதா பாருங்கள். கொஞ்ச நேரம் ஓடிவிட்டுக் கத்தினால் பேட்டரி இறங்கிவிட்டது.

எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குப் போடுவது சுலபம். 150 ஏஎச், 12 வோல்ட் பேட்டரி என்றால் பெருக்கினால் 1,800 வாட்-மணி. முழுதாகக் கைக்கு வராது. ஆயிரத்துச் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன், இரண்டு எல்இடி ட்யூப், ஒரு வைஃபை பெட்டி என்றால் 200 வாட், ஐந்து மணி நேரம். அதே ஃபேன்கள் குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி வகையாக இருந்தால் ஒன்று 30 வாட்தான். நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டாவது பேட்டரி வாங்க யோசிப்பவர்கள் முதலில் ஃபேனை மாற்றிப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

புது பேட்டரிக்கு இருந்த நேரத்தில் பாதிகூட வரவில்லை என்றால் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் அதுவல்ல. அழுகின முட்டை நாற்றம் வந்தாலோ பேட்டரி உப்பியிருந்தாலோ அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ கூடாது.

வாடகைக்கு ஜெனரேட்டர் எடுப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அதை வீட்டுக்குள், மாடிப்படிக்குக் கீழ், மூடிய வராண்டாவில் வைக்கக்கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்திருக்கவே மாட்டார். இன்னொன்று, இருபக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரால் சாக்கெட்டில் சொருகக்கூடாது. அந்தக் கரண்ட் வெளியே லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். ஈபி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைத் தொடாதீர்கள்.

அறிகுறி: போனில் சிக்னல் இல்லை, பணம் அனுப்ப முடியவில்லை

டவரும் பேட்டரியில்தான் ஓடுகிறது. சில மணி நேரத்துக்குப் பிறகு டீசல் ஊற்ற ஆள் வராவிட்டால் அதுவும் அணையும். சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது அழைப்பைவிடக் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். சிக்னல் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்றுவிடும். தேவையில்லாத நேரத்தில் விமானப் பயன்முறையில் போட்டு வையுங்கள். வீட்டில் லேப்டாப் இருந்தால் அது ஒரு பெரிய பவர் பேங்க்.

ஃபைபர் இணைப்பு என்றால் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் பல நேரம் வேலை செய்யும். அதற்கென்றே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் விற்கிறது. ஆனால் தெருக் கம்பத்தில் பெட்டி வைத்திருக்கும் உள்ளூர் கேபிள்காரர் இணைப்பு என்றால் அவருடைய பேட்டரி நிற்கும்வரைதான்.

ஜிபே நின்றுவிட்டால், இணையம் இல்லாவிட்டாலும் சாதாரண சிக்னலில் *99# அடித்துப் பணம் அனுப்பலாம். வங்கியில் பதிவான எண்ணிலிருந்து அடிக்க வேண்டும். ஆனால் பால் பூத்தில் இதையெல்லாம் செய்துகொண்டு நிற்க விடமாட்டார்கள். பத்து, இருபது, ஐம்பது நோட்டுகளாகக் கொஞ்சம் வீட்டில் இருக்கட்டும்.

அறிகுறி: குழாயில் தண்ணீர் இல்லை, லிப்ட் ஓடவில்லை

மேல்தொட்டி காலியானால் சம்ப்பில் தண்ணீர் இருந்தும் பயனில்லை. கயிறும் வாளியும்தான் வழி. மூடியைத் திறந்த இடத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கட்டாயம். எக்காரணம் கொண்டும் சம்ப்புக்குள் இறங்கக்கூடாது. தெருவில் அடி பம்பு வேலை செய்கிறதா என்று கரண்ட் இருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த கைப்பிடியை இருட்டில் சரிசெய்ய முடியாது. குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916.

பலர் யோசிக்காத ஒன்று, சாக்கடை. கழிவுநீர் இறைக்கும் நிலையங்களுக்கும் கரண்ட் வேண்டும். நீண்ட நேரம் போனால் கீழ்வீட்டுக் குளியலறை ஓட்டை வழியாக மேலே வர ஆரம்பிக்கும். மாடியில் இருப்பவர்கள் தண்ணீரை அளந்து ஊற்றினால் கீழே இருப்பவர்கள் தப்பிப்பார்கள்.

புளியந்தோப்பு கே.பி. பார்க் மாதிரி உயரமான குடியிருப்புகளில் லிப்ட் நின்றால் வயதானவர்கள் மேலேயே மாட்டிக்கொள்வார்கள். எந்த வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது, யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மாடியிலும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள் வீட்டில் மாற்றாக ஒரு சிலிண்டர் வேண்டும். இன்வெர்ட்டரை மட்டும் நம்ப முடியாது. லிப்டுக்குள் மாட்டிக்கொண்டால் மணியை அடித்துவிட்டுக் காத்திருங்கள். கதவை நெம்பிக் குதிக்கப் போவதில்தான் ஆபத்து.

அறிகுறி: பிரிட்ஜ் இளகுகிறது

திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம் தாங்கும்; நிறைந்த ஃப்ரீஸர் ஒன்றரை, இரண்டு நாள்கூடத் தாங்கும். "என்ன ஆச்சுன்னு பார்க்கலாம்" என்று பத்து நிமிடத்துக்கொரு தடவை திறந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

காசிமேட்டில் வாங்கி வைத்த மீன்தான் முதல் கவலை. இளகியும் இன்னும் ஜில்லென்று இருந்தால் அன்றைக்கே குழம்பு வைத்துவிடுங்கள். சாதாரண சூட்டுக்கு வந்துவிட்டால், அதுவும் சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன் என்றால், தூக்கிப் போடுங்கள். அவற்றில் உண்டாகும் ஒருவகை நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. இட்லி மாவு புளிக்கும், கெட்டுப்போகாது. பொங்கி வழியும் முன் பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மறுநாள் தோசையாக்கிவிடலாம். பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவிடுங்கள்.

இன்சுலினுக்கு மட்டும் தனிக் கவனம். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் குப்பியை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வெளியே வைக்கலாம். பெரும்பாலான வகைகள் நாலு வாரம் வரை தாங்கும். சிக்கல், மே மாதத்தில் நம் வீட்டுக்குள்ளேயே 30-ஐத் தாண்டும் என்பது. பெரிய மண்பானையில் ஈரமணல் நிரப்பி, அதற்குள் சின்னப் பானை வைத்து, குப்பியைக் கவரில் சுற்றி உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீண்.

அறிகுறி: கரண்ட் வந்துவிட்டது, ஆனால்...

வந்ததும் கூச்சல் கேட்கும், கூடவே தெருவே ஒரே நொடியில் ஏசியைப் போடும். அதில்தான் மறுபடி போகிறது. நீண்ட நேரம் அணைந்திருந்த எல்லா பிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒன்றாக இழுக்கும்போது லோடு வழக்கத்தைவிட மிக அதிகமாக இருக்கும். அதனால் கரண்ட் போனபோதே பெரிய பொருட்களின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒரே ஒரு லைட்டை மட்டும் போட்டு வையுங்கள். அது எரிந்தால் வந்துவிட்டது என்று தெரியும். மங்காமல், பளிச்சிடாமல் பத்து நிமிடம் எரிந்தால் ஃபேன், பிறகு பிரிட்ஜ், கடைசியாக மோட்டாரும் ஏசியும்.

ஃபேன் தவழ்ந்தால் லோ வோல்டேஜ். பிரிட்ஜையும் மோட்டாரையும் போடாதீர்கள். மூன்று பேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி, தண்ணீர் ஏறவில்லை என்றால் கேபிளை ஒட்டும்போது பேஸ் வரிசை மாறியிருக்கிறது. ஈபியிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள், மோட்டாரைக் கழற்ற வேண்டாம். தெருவுக்கெல்லாம் வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், புகாரை 'முடிந்தது' என்று மூடியிருப்பார்கள். பழைய புகார் எண்ணைச் சொல்லிப் புதிதாக ஒன்று பதிவு செய்துவிட்டு, மீட்டரைப் பார்ப்பதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.